தராசும் ஆகாயமும்

தோட்டத்துக் கிராணிக்கும் ஆகாயத்திற்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. செம்பனைக் குலைகளின் எண்ணிக்கை, உர மூட்டைகளின் இருப்பு, செக்ரோலில் ஆள் கணக்கு ஆகியவற்றோடு நாளைக் கழிக்கும் நாம், சென்ற மூன்று மாதங்களாக மாலை வேளைகளில் காற்றின் வேகத்தையும் மேகத்தின் உயரத்தையும் கணக்கிட்டு வருகிறோம். வரும் ஏப்ரலில் மலாக்காவிலிருந்து தியோமான் தீவுக்கு ஒரு சிறு விமானத்தில் செல்வதென்று ஏற்பாடாகியிருப்பதே காரணம். அவ்வேற்பாட்டில் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. அது நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும், மறைத்து வைப்பதால் எவருக்கும் பயனில்லையாதலால் எழுதத் துணிந்தோம்.

நம் தந்தையார் சிகாமட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். நாமாவது வெயில் படாத வேலை பார்க்கவேண்டும் என்றெண்ணி, சிறு வயதிலேயே சிங்கப்பூரில் இருந்த அத்தையார் வீட்டுக்கு நம்மை அனுப்பி, ஆங்கிலவழியில் படிக்க வைத்தார். படித்து முடித்த நாம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் அதே வட்டாரத்துத் தோட்டமொன்றுக்கே கிராணியாக வந்து சேர்ந்தோம். தந்தையார் அதற்காக வருந்தியதில்லை. "நிழலில்தானே உட்கார்ந்திருக்கிறாய்" என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

அவருக்கு நெடுநாளாக ஓர் ஆசை. விடியற்காலையில் நிரையில் நின்று பால் வெட்டும்போது, எப்போதாவது சிறு விமானம் ஒன்று மரக்கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போகுமாம். ஓசை மட்டும் கேட்கும். இலைகளின் மறைவில் உருவம் தெரியாது. "நமக்கு அது தெரியவில்லை, அதிலிருப்பவனுக்கு நம் நிரை தெரியுமா?" என்று அப்போது நினைத்ததை இன்றும் சொல்வார். அவர் வெட்டிய மரங்கள் இப்போது இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. "மரம் போனால் என்ன? ஆறும் மேடும் லயம் இருந்த இடமும் அங்கேதானே இருக்கின்றன!" என்பது அவர் கட்சி.

நம் பள்ளித் தோழர் ஒருவர் மலாக்காவில் பொறியாளராக இருக்கிறார். தனியார் விமானி உரிமம் பெற்றவர். அவ்வுரிமம் உடையவர் கூலி வாங்கிக்கொண்டு ஆளேற்றக் கூடாது. உறவினரையும் நண்பரையும் அழைத்துச் செல்லலாம். தந்தையாரின் ஆசையைக் கேட்டதும் அவர் தேசப்படத்தை விரித்தார். மலாக்கா பத்து பெரண்டாம் விமான நிலையத்திலிருந்து தியோமானுக்கு அளவுகோலை வைத்துக் கோடு போட்டபோது, அது சிகாமட்டுக்குச் சற்றுத் தெற்கே, நம் தோட்டத்தின் அருகிலேயே சென்றது. தீவும் பார்க்கலாம், தோட்டமும் பார்க்கலாம். நம் துணைவியார் மூன்று ஆண்டுகளாக உண்டியலில் சேர்த்த பணம் தீவில் இரண்டு நாள் தங்குவதற்குப் போதும். தந்தையார், துணைவியார், நாம், விமானி என நால்வர். விமானத்திலும் இருக்கைகள் நான்கு. எல்லாம் பொருந்திவிட்டதாகவே தோன்றியது.

விமானம் பழைய செஸ்னா 172. அவ்வகை விமானங்கள் 1956ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தவை; உலகில் வேறெந்த விமானமும் அத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. ஒரே இயந்திரம், ஒரே சுழலி. மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகம். மலாக்காவிலிருந்து தியோமான் நேர்க்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர். ஆனால் அந்த நேர்க்கோடு 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் தலைமீதே செல்கிறது. மலையை ஒட்டிக் காற்று புரளும், மேகமும் தங்கும். ஆதலால் அதைச் சுற்றிப் போகவேண்டும். சிகாமட்டைக் கடந்தபின் எண்டாவ் ரொம்பின் பெருங்காடு. பிறகு எண்டாவ் கரையிலிருந்து தெக்கெக் கிராமத்து ஓடுபாதைவரை தென்சீனக் கடல் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

அந்த 60 கிலோமீட்டரைப் பற்றி நண்பர் ஒரு மாலை முழுவதும் பேசினார். இயந்திரம் நின்றுபோனால் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடாது. பருந்தைப்போல் சறுக்கிக்கொண்டு இறங்கும். இவ்வகை விமானம் தான் இருக்கும் உயரத்தைப்போல் சுமார் ஒன்பது மடங்கு தூரம் அவ்வாறு செல்லவல்லது. 5,500 அடி உயரத்தில் பறந்தால் சறுக்கும் தூரம் 15 கிலோமீட்டர். இக்கரையிலிருந்து 15, தீவிலிருந்து 15 போக, நடுவிலுள்ள 30 கிலோமீட்டரில் இயந்திரம் நின்றால் இறங்குமிடம் கடல்தான். அதைக் கடக்க ஒன்பது நிமிடமாகும். 7,500 அடியில் பறந்தால் சறுக்கும் தூரம் 20 கிலோமீட்டராகிவிடும். நடுவில் எஞ்சுவது 20 கிலோமீட்டர். நேரம் ஆறு நிமிடம். உயரே போகப்போக ஆபத்து என்றே அதுகாறும் எண்ணியிருந்தோம். உயரம்தான் விமானிக்குக் கைப்பொருள் என்பதை அன்று அறிந்தோம். மேகம் இடங்கொடுத்தால் 7,500 அடியிலேயே கடலைக் கடப்பதென்றும், உயிர்காப்பு மிதவை அங்கியைக் கரையைவிடுமுன்னரே அணிந்துகொள்வதென்றும், விமானத்திலிருந்து வெளியேறிய பின்னரே அதைக் காற்றூதி விரிப்பதென்றும் முடிவாயிற்று.

தந்தையாருக்கு நீந்தத் தெரியாது. அந்த ஆறு நிமிடத்தை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கினோம். தெரியாமல் வருகிறவரை அழைத்துப் போவது ஏமாற்றி அழைத்துப் போவதேயாகும் என்று துணைவியார் சொன்னபின் சொன்னோம். கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். "விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இருட்டில் போகும்போது காலடியில் பாம்பு இருக்குமா இருக்காதா என்று முப்பது வருஷம் தெரியாமல்தான் போனேன். இங்கே ஆறு நிமிஷம் என்று கணக்காவது சொல்கிறார்களே!" என்றார்.

சிங்கப்பூர் அத்தையார் தொலைபேசியில் வேறொரு கவலையை எழுப்பினார். புறப்படுவது சனிக்கிழமை ஒன்பது மணிக்கென்று கேட்டதும், "ஒன்பதிலிருந்து பத்தரை வரை இராகுகாலமாயிற்றே" என்று தடுத்தார். பத்தரைக்குமேல் கிளம்பினால் திரும்பிவரும் விமானி மலையோரத்தில் பிற்பகல் இடிமேகத்தில் மாட்டிக்கொள்வார் என்று விளக்கினோம். இந்நாட்டில் வெயிலேற ஏற மேகம் கோபுரம்போல் எழுவதை அத்தையார் அறியாதவரல்லர். நெடுநேரம் மௌனமாக இருந்து, "அப்படியானால் எட்டரைக்கே கிளம்பிவிடுங்கள்" என்றார். நண்பருக்கு மட்டற்ற மகிழ்ச்சி. காலையில் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்பது வானிலையின் பஞ்சாங்கமும் கூட. ஆக, இரு பஞ்சாங்கங்களுக்கும் சண்டை வராமல் தப்பியது.

சண்டை வேறொரு பக்கத்திலிருந்து, நம்மிடத்திலிருந்தே வந்தது.

விமானத்திற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1,043 கிலோகிராம். வெறும் விமானத்தின் எடை, அதன் ஏட்டின்படி, 676. மிச்சம் 367. இதற்குள்தான் எரிபொருள், ஆட்கள், மூட்டைகள் எல்லாம் அடங்கவேண்டும். தீவில் எரிபொருள் கிடைக்குமென்று நம்பிப் புறப்படக்கூடாது என்பது நண்பரின் முடிவு; போக வர இரண்டுக்கும் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். இரண்டரை மணி நேரப் பறப்புக்கு 85 லிட்டர். எக்காரணம் பற்றியும் தொடாமல் வைத்திருக்கவேண்டிய முக்கால் மணிநேர இருப்பு 25. மழைமேகத்தைச் சுற்றிப் போகவும் தரையில் காத்திருக்கவும் 25. ஆகக்கூடி 135 லிட்டர். விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ, எனவே 97 கிலோ. 367இல் 97 போக, 270 கிலோ.

நண்பர் ஒரு தாளை அனுப்பி, ஒவ்வொருவர் எடையையும் உடை, செருப்பு உட்பட எழுதச் சொன்னார். தம் எடை 78 என்று முதல் வரியில் எழுதியிருந்தார். தந்தையார் 57, துணைவியார் 53, மூட்டைகள் 7 என்று நாம் எழுதினோம். நம் பெயருக்கு நேரே 75 என்று எழுதினோம். கூட்டினால் 270. கணக்கு ஒரு கிலோ கூடாமல் குறையாமல் நேராக வந்தது.

நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோரின் உடம்பு எப்படியாகும் என்பது அன்பர்களுக்குத் தெரியும். 75 என்பது நம் திருமணத்தின்போது இருந்த எடை. அது பொய்யென்று எழுதும்போதே தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்று சத்தியம் செய்ய முடியாது. வெட்கம் ஒரு பாதி. 270 என்ற எண் கண்முன் நின்றது மறு பாதி. கணக்கு எழுதிப் பழகிய கை, விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் போட்டது.

மறுநாள் தந்தையார் பண்டகசாலைக்கு வந்தார். உரமூட்டை நிறுக்கும் தராசைக் காட்டி, "இதில் என்னை நிறுத்துப் பார். காகிதத்தில் சும்மா எழுதக்கூடாது" என்றார். ஏறினார். முள் 57இல் நின்றது. பக்கத்திலிருந்த துணைவியாரும் ஏறினார், 53. "நீயும் ஏறு" என்றார். வேலை இருக்கிறதென்று சொல்லிப் பார்த்தோம். அவர் நகரவில்லை. ஏறினோம். முள் 86 வரை சென்று நின்றது.

தந்தையார் முள்ளையும் நம் முகத்தையும் பார்த்தார். திட்டவில்லை. கீழே இருந்த மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு, தாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொன்னார்.

அக்காலத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி ஒருவர் இருந்தாராம். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மைல் நடந்து வருவோர் வரிசையில் நிற்பார்கள். கிராணி முள்ளைப் பார்ப்பார், எழுதுவார். நாள்தோறும் ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு ராத்தல் குறையும். கேட்பதற்கு யாருக்கும் எழுத்துத் தெரியாது. "அதனால்தான் உன்னைப் படிக்க அனுப்பினேன்" என்றார். பிறகு மெல்ல, "அவன் திருடினது ராத்தல். அதில் எங்கள் வயிறு கொஞ்சம் காய்ந்தது. நீ எழுதினதில் நாலு பேர் உயிர் இருக்கிறது" என்றார்.

தராசிலிருந்து இறங்க நமக்குக் கால் வரவில்லை.

அன்றிரவே நண்பருக்கு உண்மையைச் சொன்னோம். அவர் சினப்படாதது நம்மை இன்னும் சுட்டது. கழகத்தில் புறப்படுமுன் எப்படியும் எல்லோரையும் நிறுத்தியே ஏற்றுவாராம். "எழுத்தில் எல்லோரும் ஒல்லிதான்" என்று சிரித்தார். பிறகு, எடை மிகுந்தால் என்ன நேரும் என்பதை விளக்கினார். சூட்டில் காற்று விரிந்து அடர்த்தி குறையும். 32 பாகை வெப்பத்தில், கடல் மட்டத்து ஓடுபாதையில் நிற்கும் விமானம், தான் 2,000 அடி உயரத்தில் நிற்பதுபோலவே நடந்துகொள்ளும். இறக்கைக்குத் தூக்கும் வலி குறையும். இயந்திரத்துக்கு மூச்சுக் குறையும். தெக்கெக் ஓடுபாதை ஏறக்குறைய 990 மீட்டர். ஒரு முனைக்கு அப்பால் மலை நிற்பதால், கடற்பக்கமிருந்து வந்து இறங்கி, கடற்பக்கமாகவே புறப்பட்டுப் போவது வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில், ஏட்டில் ஒன்றும் உடம்பில் ஒன்றுமாக எடையை வைத்துக்கொண்டு, கையேட்டின் அட்டவணையை நம்பி எழும்புவதெப்படி? எடை இருக்குமிடமும் முக்கியம். பின்னிருக்கையில் பளு மிகுந்தால் மூக்கு நிமிர்ந்துவிடும். இதை ஆங்கிலத்தில் பலமுறை படித்தும் நமக்கு விளங்கவில்லை. தந்தையாரிடம் சொன்னதும், "காண்டாவில் பின்வாளி கனத்தால் கம்பு தோளைவிட்டு நழுவும், அதுதானே?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மிகுதி 11 கிலோ. மூட்டைகளை விட்டால் 7 குறையும். இன்னும் 4 மிஞ்சும். மேகத்தைச் சுற்றுவதற்கென்று வைத்த 25 லிட்டரில் கொஞ்சம் குறைத்தாலென்ன என்று கேட்டுப் பார்த்தோம். "மேகம் நம் காகிதத்தைப் படித்துவிட்டா வருகிறது?" என்றார் நண்பர். நமக்கு நாணமாயிற்று. பொய்யான எண்ணைத் திருத்திய கையோடு, மெய்யான எண்ணொன்றைக் குறைக்கப் பார்த்தோம்.

அப்போது துணைவியார், "நீங்களும் மாமாவும் போய் வாருங்கள். நான் வீட்டில் இருந்துகொள்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

அன்பர்களே, உள்ளதை உள்ளபடி எழுதுவதானால், அச்சொல் கேட்டவுடன் நம் மனம் இலேசாயிற்று. சிக்கல் தீர்ந்ததென்று நினைத்தோம். உண்டியலில் மூன்று ஆண்டு காசு போட்டவர் அவர். தீவின் படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தவர் அவர். நால்வரில் எடை குறைந்தவரும் அவரே. 11 கிலோவைக் கூட்டியவர் ஒருவர். 53 கிலோவோடு விலகிக்கொள்பவர் இன்னொருவர். நம் வீடுகளில் எங்கே இடம் போதாமற்போனாலும் முதலில் எழுந்துகொள்பவர் பெண்ணாகவே இருப்பதும், அதை அவருடைய நற்குணம் என்று புகழ்ந்துவிட்டு நாம் உட்கார்ந்தே இருப்பதும் எத்தனை காலப் பழக்கம்! பெண் விடுதலை பற்றி மேடையில் கைதட்டியவர்கள்தாம் நாம். கைதட்டுவதற்கு எடையில்லை.

மறுபடியும் தாளை எடுத்துப் பார்த்தோம். மிகுதியும் 11; நாம் மறைத்ததும் 11. இதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கும் பேசாது. மிகையாய் இருப்பவர் நாமே, இறங்கவேண்டியவரும் நாமே.

எனவே ஏற்பாட்டை மாற்றினோம். சனிக்கிழமை எட்டரை மணிக்கு நண்பரும் தந்தையாரும் துணைவியாரும் விமானத்தில் கிளம்புவார்கள். அவர்கள் எடை மூட்டையோடு 195; வரம்புக்கு 75 கிலோ கீழே. நாம் முதல்நாள் இரவே மெர்சிங் சென்று, காலைப் படகில் ஏறுவோம். கடற்பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். துணைவியார் முதலில் ஒப்பவில்லை. பின்னர், "திரும்பும்போது நீங்கள் விமானத்தில் வாருங்கள், நான் படகில் வருகிறேன். அதுதான் நியாயம்" என்று ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். விட்டுக்கொடுப்பதைவிடப் பங்கு போட்டுக்கொள்வது நல்லது என்பதை அவரிடம் கற்றோம்.

எஞ்சிய ஏற்பாடுகள் முறையாக நடந்து வருகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்கும் காலமாகப் பார்த்தே ஏப்ரலைத் தேர்ந்தோம். நண்பர் முன்னதாகப் பயிற்சி ஆசிரியர் ஒருவரோடு தெக்கெக் சென்று இறங்கிப் பழகி வந்துவிட்டார். முதல்நாள் பறப்புத் திட்டத்தை ஒப்படைப்பதும், விமானிகளுக்கான அறிவிப்புகளையும் வானிலை அறிக்கையையும் பார்ப்பதும் அவர் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, "போகாமல் இருப்பதற்கான காரணங்கள்" என்று ஒரு தாள் எழுதியிருக்கிறார். மேகம் இவ்வளவு தாழ்ந்திருந்தால் போவதில்லை. எண்டாவ் கரையை அடையும்போது தீவின் மலை கண்ணுக்குத் தெரியாவிட்டால் திரும்பிவிடுவது. ஓடுபாதையில் காற்று பின்னிருந்து இவ்வளவுக்கு மேல் வீசினால் இறங்குவதில்லை. நால்வரில் யாரேனும் வேண்டாமென்றால், காரணம் கேளாமல் நிறுத்திவிடுவது. இவற்றை முன்கூட்டியே எழுதி வைப்பதேன் என்று கேட்டோம். புறப்படும் காலையில் ஆசை பேசும். அதன் குரலுக்குமுன் அறிவின் குரல் எடுபடாது. ஆகவே ஆசை தூங்கும்போது அறிவைக்கொண்டு எழுதி வாங்கிவிட வேண்டும் என்றார்.

அத்தாளை ஒன்றுக்கு இரண்டாகப் படியெடுத்து, ஒன்றை நம் மேசைமேல் செக்ரோலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதன் அடியில் எடைக் கணக்கு இருக்கிறது. நம் பெயருக்கு நேரே 75 என்றிருப்பதை அழித்து எழுதவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 86 என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். தோட்டத்துக் கணக்கில் பிழை திருத்தும் முறை அதுவே. பழைய எண் தெரியவேண்டும். திருத்தியவன் பெயரும் தெரியவேண்டும்.

தந்தையார் நாள்தோறும் மாலையில் வந்து அத்தாளைப் பார்க்கிறார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எண்கள் தெரியும். நேற்று வந்தவர் 57 என்ற தம் எண்ணின்மேல் விரலை வைத்து, "படகில் வரும்போது அண்ணாந்து பார். எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் கடலுக்கு மேலே வந்துவிடுவோமாம். ஓசை கேட்கும். இலை மறைக்காது" என்றார்.